வெல்டிங் கற்க சென்னையில் நான்கு வழிகள்: ஐடிஐ, தனியார் வகுப்பு, பட்டறை, சொந்த மெஷின்

போன மாதம் மூன்று பேர் வெல்டிங் எங்கே கற்கலாம் என்ற ஒரே கேள்வியோடு வந்தார்கள். முதலாமவர் குரோம்பேட்டைப் பக்கம் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவர். கல்லூரி அணியில் பந்தய வண்டி கட்டப் போகிறார்கள், ஃபிரேமை வெளியே கொடுக்காமல் தாங்களே பற்றவைக்க வேண்டும் என்று ஆசை. இரண்டாமவருக்கு சோழிங்கநல்லூரில் ஐடி வேலை, கொளத்தூரில் சொந்த வீடு. மொட்டை மாடிக்கு ஒரு இரும்பு ஊஞ்சல் ஸ்டாண்டைத் தன் கையால் செய்ய வேண்டும் என்கிறார். மூன்றாவதாக வந்தது எங்கள் தெருவில் பூக்கடை வைத்திருக்கும் அக்கா. "பையன் பத்தாவது முடிச்சிட்டான். வெல்டிங் படிச்சா வேலை உறுதின்னு சொல்றாங்க. எங்க சேர்க்கட்டும் தம்பி?"

மூவருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. இந்த நான்கு வழிகளில் இரண்டை நானே பணம் கட்டிப் பார்த்திருக்கிறேன், மூன்றாவதில் ஏழு மாதம் சனிக்கிழமைகளைக் கொடுத்திருக்கிறேன். நான்காவதான ஐடிஐ பற்றி, பட்டறையில் என்னோடு நின்ற ஐடிஐ பையன்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

## எதை வைத்து எடை போடுவது

எல்லோரும் முதலில் கட்டணத்தைக் கேட்கிறார்கள், அடுத்தது சர்டிஃபிகேட்டை. நான் முதலில் கேட்கச் சொல்வது, "எனக்கு எத்தனை ராடு எரிக்கக் கிடைக்கும்?" என்று.

ராடு என்பது பற்றவைக்கும்போது உருகி ஜாயின்ட்டில் சேரும் பூச்சுள்ள கம்பி. 2.5 மில்லிமீட்டர் ராடு ஒன்று ஏறக்குறைய ஒரு நிமிடம் எரியும். நீங்கள் உண்மையில் வெல்டிங் பழகுவது அந்த ஒரு நிமிடத்தில் மட்டும்தான். பொறியியல் கல்லூரிகளில் முதலாண்டுப் பயிற்சிக்கூடத்தில் பட், லேப், டீ என்று மூன்று ஜாயின்ட் போட வைப்பார்கள். வகுப்பு முழுக்க இரண்டு மெஷின் முன்னால் வரிசையில் நிற்கும், ஆளுக்கு இரண்டு மூன்று ராடு கிடைக்கும். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து விழுந்துவிடும், கைக்கு எதுவும் வந்திருக்காது. என் கை அடங்கியது 4 கிலோ எரித்த பிறகுதான். இந்த ராடு கிலோவுக்கு 50க்கு மேல் நிற்கும், ஆக 200 ராடு.

இரண்டாவது கேள்வி, நான் அடித்ததைப் பார்த்துத் தப்பு சொல்ல யார் இருக்கிறார்கள்? வெல்டிங்கில் மேலே அழகாக அலை அலையாகத் தெரிவது உள்ளே பிடிக்காமல் இருக்கலாம். தப்பாக 200 ராடு எரித்தால் தப்பு கையில் ஊறிவிடும், பிறகு அதை மாற்ற இன்னொரு 200 வேண்டும்.

இந்த இரண்டும்தான் முக்கியம். இவற்றுக்குப் பிறகு வாரத்தில் எவ்வளவு நேரம் கொடுக்க முடியும், கண்ணுக்குத் தெரியாமல் எங்கே காசு போகும், கடைசியில் கையில் என்ன காகிதம் வரும், கண்ணும் நுரையீரலும் எந்த நிலையில் இருக்கும் என்று பார்க்கலாம்.

| | அரசு ஐடிஐ | தனியார் வகுப்பு | பட்டறை | சொந்த மெஷின் |
|---|---|---|---|---|
| எரிக்கக் கிடைக்கும் ராடு | நிறைய, ஓராண்டில் பரவி | இடத்துக்கு இடம் மாறும் | முதல் மாதம் சொற்பம், பிறகு தாராளம் | வாங்குகிற அளவு |
| தப்பு சொல்ல ஆள் | பயிற்றுநர் | பயிற்றுநர், சில வாரம் மட்டும் | பட்டறைக்காரர், ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் | யாரும் இல்லை |
| நேரம் | ஓராண்டு, முழுநேரம் | சில வாரம் முதல் சில மாதம் | நீங்களும் அவரும் பேசிக்கொள்வது | உங்கள் விருப்பம் |
| மறைந்த செலவு | ஓராண்டு வருமானம் | கூடுதல் ராடு, தேர்வுக் கட்டணம் | உடல் உழைப்பு, கெட்ட பழக்கங்கள் | மெஷின் விலையைப் போல இன்னும் ஒன்றே முக்கால் மடங்கு |
| காகிதம் | தேசியத் தொழிற்சான்றிதழ் | நிறுவனச் சான்றிதழ் | இல்லை | இல்லை |
| பாதுகாப்பு | பாடத்திலேயே உண்டு | பெரும்பாலும் உண்டு | நீங்களே கொண்டுபோக வேண்டும் | முழுப் பொறுப்பும் உங்களுடையது |

## அரசு ஐடிஐ

கிண்டி, அம்பத்தூர், வடசென்னை என்று நகருக்குள்ளேயே அரசு ஐடிஐகள் இருக்கின்றன. கிண்டியில் பெண்களுக்கென்று தனியாகவும் ஒன்று உண்டு. வெல்டர் பிரிவு ஓராண்டுப் படிப்பு, எட்டாம் வகுப்பு தேர்ச்சி போதும். கேஸ் வெல்டிங், ஆர்க் (ராடு எரித்து அடிப்பது), மிக், டிக் (இரண்டும் காப்பு வாயுவை ஊதி அடிப்பது), கேஸ் கட்டிங் எல்லாவற்றையும் தொட்டுவிடுவார்கள். வரைபடம் படிப்பதும் கணக்கும் கூடவே வரும்.

பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் ₹750 உதவித்தொகையும் இலவச பஸ் பாஸும் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும், பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் மாதம் ₹1,000 வரும். பூக்கடை அக்காவிடம் இந்தக் கணக்கைச் சொன்னபோது இரண்டு முறை திரும்பக் கேட்டார். தனியார் வகுப்புக்காக நகையை அடகு வைக்க யோசித்துக்கொண்டிருந்தவர் அவர்.

காகிதத்தின் மதிப்பிலும் இதற்குப் பக்கத்தில் வேறெதுவும் வராது. பெரம்பூர் ஐசிஎஃப் (ரயில் பெட்டித் தொழிற்சாலை) போன்ற இடங்களில் அப்ரண்டிஸ் ஆள் எடுக்கும்போது வெல்டர் பிரிவில் ஐடிஐ முடித்தவர்களுக்கென்று தனி இடங்கள் உண்டு. அந்த வாசலை ஆறு வார வகுப்புச் சான்றிதழ் திறக்காது.

இதில் மறைந்த செலவு நேரம்தான். காலையிலிருந்து மாலை வரை, ஓராண்டு முழுக்கப் போக வேண்டும். வேலையில் இருப்பவருக்கும் கல்லூரி மாணவருக்கும் இது வழியே இல்லை. இன்னொன்றையும் சேர்ந்த பையன்கள் சொல்லக் கேட்டேன். கேட்டு வாங்கி அடிப்பவனுக்கு ராடு கிடைக்கும், ஓரமாக நிற்பவனுக்கு ஓராண்டும் ஓரத்திலேயே போய்விடும். மகனைச் சேர்த்துவிட்டு வாரம் ஒருமுறை "இந்த வாரம் எத்தனை ராடு எரிச்ச?" என்று கேளுங்கள் என அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.

சேர்க்கை வழக்கமாகக் கோடையில், பள்ளித் தேர்வு முடிவுகளை ஒட்டி நடக்கும். விண்ணப்பம் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையின் இணையதளம் வழியாக. தேதியைத் தவறவிட்டால் ஓராண்டு போய்விடும்.

## தனியார் குறுகிய கால வகுப்பு

நான் முதலில் போனது இங்கேதான். நான்கு வாரம், மாலை வகுப்பு. பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. சேரும்போது கூடத்தைச் சுற்றிக் காட்டினார்கள், எட்டு மெஷின் பளபளப்பாக நின்றன. வகுப்பு தொடங்கிய பிறகுதான் ஓடுவது மூன்று என்று தெரிந்தது. நாளைக்கு ஆளுக்கு இரண்டு ராடு, அதற்கு மேல் வேண்டுமென்றால் தனிக் காசு. நான்கு வாரத்தில் நான் எரித்தது 40ஐத் தாண்டவில்லை. கட்டிய பணத்தை ராடு எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்த அன்று வயிறு எரிந்தது.

அதற்காக எல்லா வகுப்பையும் ஒதுக்கிவிட முடியாது. நல்ல இடத்தில் ஒரு மாதம் கற்றவர் பட்டறையில் ஆறு மாதம் திணறுவதைத் தவிர்க்கலாம். ராடு சாய்வு எவ்வளவு, கரன்ட் ஏன் இவ்வளவு, 6013, 7018 என்ற ராடு வகைகளுக்குள் என்ன வேறுபாடு என்று காரணத்தோடு சொல்லித்தருவது வகுப்பில்தான் நடக்கும். தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் வழியாக நடக்கும் இலவசக் குறுகிய கால வகுப்புகளும் உண்டு, காசு கட்டும் முன் அவற்றைப் பார்த்துவிடுங்கள்.

சேரும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். ஒரு மெஷினுக்கு எத்தனை பேர்? படிப்பு முழுவதற்கும் ஆளுக்கு எத்தனை கிலோ ராடு? தகடு எவ்வளவு தடிமன்? அடித்த ஜாயின்ட்டை உடைத்துப் பார்ப்பீர்களா? கடைசிக் கேள்விக்குத் திருதிருவென விழித்தால் வெளியே வந்துவிடலாம். கேள்வி கேட்பதைவிட நல்ல வழியும் ஒன்று இருக்கிறது. வகுப்பு நடக்கும் நேரத்தில் போய்க் குப்பைத் தொட்டியைப் பாருங்கள். எரிந்து முடிந்த ராடு நுனிகள் குவிந்து கிடந்தால் அங்கே வேலை நடக்கிறது.

வளைகுடா வேலைக்கு என்று சொல்லி "6ஜி சர்டிஃபிகேட்" விற்பவர்களைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். 6ஜி என்பது சாய்வாக நிற்கும் பைப்பைச் சுற்றிவர அடிக்கும் நிலை, கடினமான தேர்வு, அதில் சந்தேகமில்லை. ஆனால் அழுத்தக் கலன், பைப்லைன் வேலைகளில் பின்பற்றும் ஆஸ்மி (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) விதிகளின்படி வெல்டரைத் தேர்வு செய்து தகுதி கொடுக்கும் பொறுப்பு வேலை கொடுக்கும் நிறுவனத்தினுடையது. நீங்கள் எந்தக் காகிதத்தைக் கொண்டுபோனாலும் அங்கே மறுபடி அடித்துக் காட்டித்தான் ஆக வேண்டும். அந்தத் தகுதியும், அதே முறையில் ஆறு மாதம் வெல்டிங் செய்யாமல் இருந்தால் காலாவதியாகிவிடும். ஆகவே 6ஜி பயிற்சிக்குக் காசு கொடுப்பதில் நியாயம் உண்டு, 6ஜி காகிதத்துக்கு மட்டும் கொடுப்பதில் இல்லை.

## பட்டறை

சென்னையில் பட்டறை இல்லாத பகுதி எது? அம்பத்தூர், பாடி, ஈக்காட்டுத்தாங்கல், திருமுடிவாக்கம் என்று எஸ்டேட்டுகளில் ஃபேப்ரிகேஷன் பட்டறைகள், மற்ற எல்லாத் தெருக்களிலும் கிரில் கடைகள். இரண்டும் ஒன்றல்ல. கிரில் கடையில் பெரும்பாலும் மெல்லிய சதுர பைப், டேக் வைப்பது (துண்டு நகராமல் நிற்கப் பொட்டு போல அடிப்பது), குட்டிக் குட்டி ஜாயின்ட். ஃபேப்ரிகேஷன் பட்டறையில் தடித்த தகடு, ஆங்கிள், நீளமான வெல்டிங் கோடு. மேசை, செடி ஸ்டாண்டு, கேட் செய்ய ஆசைப்படுபவருக்குக் கிரில் கடைதான் சரி. மெல்லிய பைப்பை ஓட்டை விழாமல் பிடிக்கத் தெரிந்தவருக்குத் தடித்த தகடு அவ்வளவு பயம் காட்டாது.

எனக்குக் கிடைத்தது பாடிப் பக்கம் ஒரு கிரில் கடை. காசு வேண்டாம், சனிக்கிழமை வந்து வேலை செய்கிறேன், கற்றுக்கொடுங்கள் என்று கேட்டேன். கடைக்கார அண்ணன் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "செருப்போட வராத. பேன்ட்டு காட்டன்ல போட்டுனு வா" என்றார். முதல் நான்கு சனிக்கிழமையும் ராடையே தொடவில்லை. பைப் வெட்டினேன், பிசிறு தேய்த்தேன், ரெட் ஆக்சைடு அடித்தேன். அது வீண் என்று அப்போது தோன்றியது. அளவு எடுப்பது, வெட்டுவது, மட்டம் பார்ப்பது இவைதான் வேலையில் முக்கால் பங்கு என்பது சொந்தமாக ஒரு ஸ்டாண்டு செய்ய உட்கார்ந்தபோது புரிந்தது.

ஐந்தாவது வாரம் ராடைப் பிடிக்கும் ஹோல்டரைக் கையில் கொடுத்தார். ராடு ஒட்டிக்கொண்டது. இழுத்தால் மறுபடி ஒட்டியது. ஷீல்டுக்குள் எனக்குத் தெரிந்தது கண்ணைப் பறிக்கும் ஒரு வெளிச்சப் பொட்டு மட்டும்தான். அண்ணன் பின்னால் நின்று சொன்னார்: "நெருப்பப் பாக்காத தம்பி. அதுக்குப் பின்னால உருகி ஓடுது பாரு இரும்பு, அதப் பாரு. அது வட்டமா நின்னா கை சரி. நீண்டுச்சுன்னா நீ ஓடுற." அதற்கப்புறம் சத்தத்தைக் கேட்கச் சொன்னார். எண்ணெயில் வடை பொரிவது போல ஒரே சீராக வர வேண்டும். வெடித்து வெடித்து வந்தால் ராடு தூரமாக இருக்கிறது, அடங்கிப் போனால் ஒட்டப் போகிறது. வகுப்பில் ஆர்க் நீளம் (ராடு நுனிக்கும் இரும்புக்கும் உள்ள இடைவெளி) என்று கரும்பலகையில் எழுதிப்போட்டதை என் காது புரிந்துகொண்டது அன்றைக்குத்தான்.

பட்டறை கற்றுத்தரும் இன்னொன்று, இரும்பு இழுத்துக்கொள்வது. ஒரு மூலையை முழுதாக அடித்துவிட்டு அடுத்த மூலைக்குப் போனால் ஃபிரேம் கோணிவிடும். நான்கு மூலையும் முதலில் டேக், பிறகு குறுக்கு அளவு இரண்டும் சமமா என்று டேப் பிடித்துப் பார்ப்பது, பிறகு எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடிப்பது என்பது அண்ணனுக்கு மூச்சுவிடுவது போல.

விலை இல்லாமலா? கெட்ட பழக்கங்கள் இலவசமாக வந்து ஒட்டிக்கொள்ளும். டேக் வைக்கும்போது ஷீல்டை எடுக்காமல் கண்ணை மூடிக்கொள்வது எல்லாப் பட்டறையிலும் நடக்கிறது. நானும் ஒரு நாள் அப்படி இருபது டேக் வைத்தேன். மாலை எதுவும் இல்லை. இரவு பதினொரு மணிக்குக் கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டது போல ஆரம்பித்தது, விடியும்வரை இமையைத் திறக்கவும் முடியவில்லை, மூடவும் முடியவில்லை. ஆர்க்கிலிருந்து வரும் புற ஊதாக் கதிர் கருவிழியின் மேற்பரப்பைச் சுட்டுவிடுகிறது. வலி ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் வரும், அதனால்தான் அடிக்கும்போது தைரியமாக இருக்கிறது. உருளைக்கிழங்கு வைப்பது, தாய்ப்பால் விடுவது எல்லாம் வேண்டாம், கண் மருத்துவரிடம் போங்கள்.

ஜிஐ பைப்பும் அப்படித்தான். மேலே பூசியிருக்கும் துத்தநாகம் எரிந்து வெள்ளைப் புகையாக வரும். அதைச் சுவாசித்த இரவு குளிர்காய்ச்சல் போல நடுக்கம் வரும், மறுநாள் போய்விடும். பால் குடித்தால் ஒன்றும் செய்யாது என்று பட்டறையில் சொல்வார்கள், பாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டம் பார்த்து, புகை முகத்துக்கு வராத பக்கம் நின்று அடிக்க வேண்டும். எந்த வெல்டிங் புகையும் சாதாரணமில்லை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது. அதனால் பட்டறைக்குப் போவதென்றால் ஹெல்மெட், கையுறை, முகக்கவசம், ஷூ நான்கையும் உங்கள் காசில் வாங்கிக்கொண்டு போங்கள். அங்கே யாரும் போடவில்லை என்று கழற்றாதீர்கள். 18 வயது ஆகாத பிள்ளையைப் பட்டறைக்கு அனுப்பவே வேண்டாம்.

கேட்கப் போகும் காலமும் முக்கியம். தையிலும் ஆவணியிலும் கிரகப்பிரவேசம் நெருக்கும், கேட்டும் கிரில்லும் அவசரம், பேசக்கூட நேரம் இருக்காது. ஆடியிலோ மார்கழியிலோ போனால் வேலை தளர்ந்திருக்கும், சொல்லித்தர மனமும் இருக்கும். நான் போனது ஆடி இரண்டாவது வாரம்.

## சொந்த மெஷின்

இன்வெர்ட்டர் வகை வெல்டிங் மெஷின் வந்த பிறகு இது கைக்கெட்டும் வழியாகிவிட்டது. ஐந்தாறு கிலோ எடை, தோளில் மாட்டிக்கொள்ளலாம், வீட்டு சிங்கிள் ஃபேஸிலேயே ஓடும். பாரிமுனையில் லிங்கிச் செட்டித் தெருப் பக்கம் ஒரு நடை போனால் வரிசையாக வைத்திருப்பார்கள்.

நான் ₹7,000 மெஷின் என்று இறங்கினேன். கணக்கு இப்படி வளர்ந்தது: தானாக இருளும் ஹெல்மெட் ₹1,600, கையுறை, தோல் ஏப்ரன், ஷூ ₹2,200, ஆங்கிள் கிரைண்டர் ₹2,700, வைஸும் கிளாம்ப்பும் ₹1,800, எலக்ட்ரீஷியனுக்கும் தனி லைனுக்கும் ₹2,400, முதல் தவணை ராடும் பழைய இரும்பும் ₹1,900. மொத்தம் ₹19,600. உங்களுக்கு முன்பின் ஆகலாம், ஆனால் மெஷின் விலை மொத்தத்தில் பாதிகூட வராது.

தனி லைன் எதற்கு என்று கேட்பார்கள். 2.5 மி.மீ. ராடுக்கு 80 ஆம்பியர் வைத்தால் ஆர்க்கில் மட்டும் ஏறக்குறைய 1.9 கிலோவாட் செலவாகும். மெஷினில் வீணாவதையும் சேர்த்தால் சுவரிலிருந்து 13, 14 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் சாக்கெட் தாங்கும், விளிம்பில்தான் தாங்கும். 3.15 ராடுக்குப் போய் 110 ஆம்பியர் வைத்தால் இழுப்பது 20ஐத் தொடும், அந்த சாக்கெட்டில் செய்யவே கூடாது. மாடிக்கு எக்ஸ்டென்ஷன் வயர் இழுப்பதென்றால் குறைந்தது 2.5 சதுர மி.மீ. வயர், சுருளை முழுதாகப் பிரித்துப் போட்டு. சுருட்டி வைத்த வயர் சூடேறி உருகியதைப் பார்த்திருக்கிறேன். எர்த்திங் சரியாக இருக்கிறதா என்று ஆளை வைத்துப் பார்த்த பிறகுதான் முதல் ராடு. கரன்ட் பில்லைப் பற்றி மட்டும் கவலை வேண்டாம், ஒரு கிலோ ராடு எரித்தாலும் இரண்டு யூனிட்தான். ஆனால் காசுக்கு வெளி வேலை எடுக்க ஆரம்பித்தால் அது வீட்டு இணைப்பில் செய்யும் வேலை அல்ல.

மெஷினில் "200 ஆம்ப்" என்று ஒட்டியிருப்பதைவிட டியூட்டி சைக்கிளைப் பாருங்கள். 60 சதவீதம் என்றால் அந்தக் கரன்ட்டில் 10 நிமிடத்துக்கு 6 நிமிடம் ஓட்டலாம், 4 நிமிடம் ஆற வேண்டும். பழகுபவருக்கு 80, 90 ஆம்பியருக்கு மேல் வேலையே இருக்காது, ஆகவே பெரிய எண்ணுக்கு ஆசைப்பட வேண்டாம். ஊருக்குள் சர்வீஸ் உள்ள மெஷின் என்பதுதான் முக்கியம். ராடு 6013 போதும், அம்பத்தூரில் இருந்தே இயங்கும் ஈசாப் போன்ற தெரிந்த கம்பெனியுடையதாக வாங்குங்கள். 7018 வலுவானது, ஆனால் ஈரத்தை உறிஞ்சும், 300 டிகிரிக்கு மேல் சூட்டில் உலர்த்தித்தான் பயன்படுத்த வேண்டும், வீட்டில் அதற்கு வசதி கிடையாது. நம் ஊர்க் காற்றில் 6013 பாக்கெட்டையும் பிரித்து வைத்தால் நமத்துவிடும், இறுக்கமான டப்பாவில் போடுங்கள்.

மிக், டிக் வாங்கலாமா என்றால், மொட்டை மாடிக்கு வேண்டாம். மதியத்துக்கு மேல் கடற்காற்று எழுந்தால் காப்பு வாயுவை அடித்துக்கொண்டு போய்விடும், ஜாயின்ட் முழுக்கத் துளைதான் மிஞ்சும். ராடு வெல்டிங் இந்தக் காற்றுக்கு அசைந்துகொடுக்காது.

சித்திரை வெயிலில் மாடியில் பகலில் அடிக்காதீர்கள். சூட்டுக்காக மட்டும் சொல்லவில்லை. வியர்வையில் நனைந்த கையுறை மின்சாரத்தைக் கடத்தும். ராடு எரியாமல் இருக்கும்போதும் ஹோல்டரில் 60 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். காலை ஆறரைக்கு ஆரம்பித்து எட்டரைக்கு மூடிவிடுங்கள், இரண்டு ஜோடி கையுறையை மாற்றி மாற்றிப் போடுங்கள், உலர்ந்த பலகையின் மேல் நில்லுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மெஷினை உறையில் போட்டுவிட வேண்டியதுதான்.

அக்கம்பக்கம் மறந்துவிடக் கூடாது. எதிர் மாடியில் விளையாடும் குழந்தைகள் அந்த வெளிச்சத்தைப் பார்ப்பார்கள், தகரத்தால் ஒரு மறைப்பு கட்டாயம். பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி, கொடியில் காயும் துணி, உலர்ந்த தென்னை ஓலை எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது, ஒரு வாளி மணல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் சண்டை வந்தது வெல்டிங்கால் அல்ல, கிரைண்டர் சத்தத்தால். அதன் இரும்புத் தூள் மாடி ஓட்டில் விழுந்து முதல் மழையில் துருக்கறையாக மாறியது, இன்னும் போகவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் பொது மாடியில் இதைச் செய்யவே முடியாது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இவற்றைவிடப் பெரிய குறை, தப்பு சொல்ல ஆள் இல்லாதது. அதற்கு ஒரு மருந்து உண்டு. காயலான் கடையில் 6 மி.மீ. பட்டைத் துண்டுகளை எடை போட்டு வாங்குங்கள். இரண்டை டீ வடிவில் நிறுத்தி ஒரு பக்கம் மட்டும் அடியுங்கள். ஆறிய பிறகு வைஸில் இறுக்கி, அடித்த பக்கத்தை நோக்கி மடங்கும்படி சுத்தியலால் போடுங்கள். உடைந்த முகத்தைப் பாருங்கள். முழுக்க சாம்பல் நிறத்தில் மினுமினுவென்று இருந்தால் பிடித்திருக்கிறது. கறுப்புக் கோடு ஓடினால் ஸ்லாக் (ராடின் பூச்சு உருகி உறையும் கசடு) உள்ளே மாட்டியிருக்கிறது. அடி மூலையில் வெட்டிய விளிம்பு வெட்டியபடியே கூர்மையாகத் தெரிந்தால் அங்கே உருகவே இல்லை, மேலே உட்கார்ந்திருக்கிறது. என் முதல் ஏழு துண்டும் அந்தக் கடைசி ரகம். ஏழும் மேலே பார்க்க அழகாகத்தான் இருந்தன.

## மூன்று பேருக்கும் என்ன சொன்னேன்

அக்காவின் மகனுக்கு ஐடிஐ. இதில் இரண்டு யோசனையே இல்லை. முடித்த பிறகு அப்ரண்டிஸ், அதன் பிறகு தேவைப்பட்டால் 6ஜி பயிற்சி.

மாணவருக்கு, ஓடும் மெஷின்களை எண்ணிப் பார்த்துவிட்டு ஒரு நல்ல குறுகிய கால வகுப்பு, அதோடு கல்லூரிப் பயிற்சிக்கூடத்தில் மாலை நேரம் அனுமதி. பாஹா போன்ற, கல்லூரி அணிகள் தாங்களே வண்டி கட்டி ஓட்டும் போட்டிகளில் அடித்த ஜாயின்ட்டின் மாதிரியை உடைத்துக் காட்டச் சொல்வார்கள், ஆகவே காரணம் தெரிந்து அடிப்பவர் அணிக்குத் தேவை. ஓட்டுநரின் தலைக்கு மேல் வரும் குழாய்களை மட்டும் அனுபவப்பட்ட வெல்டர் அடிக்கட்டும், பக்கத்தில் நின்று பாருங்கள் என்றேன். அவருக்கு முகம் வாடியது. ஆனால் வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காப்பாற்றப் போவது அந்தக் குழாய்கள்தான்.

கொளத்தூர்க்காரருக்கு மெஷின் வாங்கும் பணம் தயாராக இருந்தது. முதலில் ஹெல்மெட்டை மட்டும் வாங்குங்கள், அதை எடுத்துக்கொண்டு இரண்டு மாதம் சனிக்கிழமை பட்டறைக்குப் போங்கள், மெஷின் அப்புறம் என்றேன். பொழுதுபோக்காகக் கற்பவர்களில் வாரம் ஒரு நாள் கொடுக்க முடிந்த எல்லோருக்கும் நான் சொல்வது இந்த வரிசைதான். பட்டறையில் கண்ணைப் பழக்கிக்கொண்டு வந்தால் வீட்டில் எரிக்கும் ராடு வீணாகாது. வாரம் ஒரு நாளும் ஒதுக்க முடியாதவர், ஞாயிறு காலை இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது என்பவர், மெஷினோடு ஆரம்பிக்கலாம். ஆனால் டீ துண்டு உடைப்பதை வாரம் தவறாமல் செய்ய வேண்டும்.

கொளத்தூர்க்காரர் ஒப்புக்கொண்டார். ஊஞ்சலை மட்டும் விட மனமில்லை. அதில் அவருடைய அம்மாவும் மகளும் உட்காரப் போகிறார்கள். அதனால் முதலில் செடி ஸ்டாண்டு, அடுத்தது ஷூ ரேக். ஊஞ்சல் ஸ்டாண்டை மாடியில் செய்யாமல் பட்டறையிலேயே வைத்து, அண்ணன் ஒவ்வொரு ஜாயின்ட்டையும் சுத்தியலால் தட்டிப் பார்க்க, அவர் கையாலேயே அடிப்பது என்று பேசியிருக்கிறோம். வருகிற சனிக்கிழமை லிங்கிச் செட்டித் தெருவுக்கு ஹெல்மெட் வாங்கக் கூடப் போகிறேன்.